ஒரே வார்த்தையில் ஒரு பிரசங்கம்

பாஸ்டரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்த முதல் நாளே அவர் மனைவி எச்சரித்துவிட்டார். "இவரு வாயைத் திறந்தா லேசுல நிக்காதுங்க டீச்சர். சபையில பாதிப் பேரு கடியாரத்தைப் பாக்க ஆரம்பிக்கும்போதுதான் இவருக்குச் சூடே ஏறும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்த வாய் மூடுவதற்குள் அழுகை வந்துவிட்டது.

டீச்சர் என்பது அந்த மருத்துவமனையில் அவளுக்கு ஒட்டிக்கொண்ட பெயர். பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. கெட்டிக்காரி என்று பேர் எடுத்தவள். அந்தப் பேர் அவளுக்கும் தெரியும். "என் கைக்கு வந்தவங்க யாரும் வந்த மாதிரியே திரும்பிப் போனதில்லை" என்று நோயாளிகளின் வீட்டாரிடம் தைரியமாகச் சொல்வாள். சாமி விஷயத்தில் மட்டும் அவள் பட்டும் படாமலும் இருப்பவள். சர்ச்சோ கோயிலோ, கல்யாணம் என்று அழைத்தால் போவாள், வாழ்த்துவாள், சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவாள்.

பாஸ்டரின் வலது கையும் காலும் தளர்ந்திருந்தன. அதைவிடப் பெரிய அடி பேச்சில் விழுந்திருந்தது. அவரிடம் மிஞ்சியது ஒரே ஒரு சொல்.

"அப்புறம்."

தண்ணீர் வேண்டுமென்றாலும் அப்புறம். போதும் என்றாலும் அப்புறம். கால் வலித்தாலும், மனைவியைப் பார்த்து மனசு குளிர்ந்தாலும் அதே அப்புறம்தான். பார்க்க வந்த சபை ஆட்களுக்கு இது புரியவில்லை. அவர் நலம் விசாரிப்பதாக நினைத்துக்கொண்டு, "அப்புறம் ஒண்ணுமில்ல பாஸ்டர், வீட்ல எல்லாரும் சௌக்கியம்" என்று பதில் சொல்லிவிட்டு, அடுத்த அப்புறத்துக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் விழித்தார்கள்.

அவர் பொறுப்பில் இருந்த சபையை இப்போது கவனித்துக்கொண்டிருந்த உதவி பாஸ்டர் ஒருநாள் டீச்சரைத் தனியாக அழைத்துக் கேட்டார். "பேச வரலைன்னா எழுதிக் காட்டலாமே? நல்லா எழுதுவாரே."

"எழுத்தும் பேச்சும் உள்ள ஒரே அறையிலதான் சார் இருக்கு. கதவு இடிஞ்சு அடைச்சிருக்கு. உள்ள இருக்கிற சாமான் எல்லாம் அப்படியே பத்திரமாத்தான் இருக்கு. நீங்க பேசுறது ஒண்ணு விடாம அவருக்குப் புரியும். அதனால அவருக்கு முன்னாடி ஐயோ பாவம்னு மட்டும் பேசாதீங்க."

உதவி பாஸ்டர் நல்ல மனிதர். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

படம் போட்ட அட்டைகளை வைத்துப் பயிற்சி நடந்தது. டம்ளர், சீப்பு, செருப்பு, சாவி. பாஸ்டர் பொறுமையாக உட்கார்ந்து எல்லாவற்றையும் அப்புறம் என்றே அழைத்தார். பிறகு ஒரு வாரம் அவர் அட்டைகளைப் பார்க்கவே மறுத்தார். இடது கையால் அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு வேறு எதையோ சொல்லத் தொடங்கினார்.

கன்னத்தை உப்பி ஊதினார். கையை விரித்து அறை முழுவதும் ஒரு வீசு வீசினார்.

"காத்தா? ஃபேன் வேணுமா?" டீச்சர் மின்விசிறியைப் போட்டாள். தலையை ஆட்டி மறுத்தார். நிறுத்தினாள். அதற்கும் மறுத்தார்.

அடுத்த நாள் விரல்களைக் கூட்டி, மேல்நோக்கி நெளிய விட்டார். நெருப்பு எரிவதைப் போல. "எரியுதா பாஸ்டர்? எங்க? நெஞ்சுலயா?" என்றாள். அவர் அவசர அவசரமாக நாக்கை நீட்டி அதையே தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

டீச்சர் கணக்குப் போட்டாள். ஊதுகிறார் என்றால் வாயு. எரிகிறது என்றால் நெஞ்செரிச்சல். நாக்கைக் காட்டுகிறார் என்றால் புண். டார்ச் அடித்து நாக்கைப் பார்த்தாள், புண் இல்லை. ஆனாலும் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் வயிற்றுக்கு மருந்து எழுதினார். சாப்பாட்டில் காரத்தை நிறுத்தி உப்புச் சப்பில்லாத கஞ்சி கொடுக்கச் சொன்னார். மறுநாள் கஞ்சிக் கிண்ணம் முன்னால் வந்ததும் பாஸ்டர் அதையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். மேசையில் ஓங்கி ஒரு தட்டு.

"அப்புறம்!"

அந்த அப்புறத்துக்கு மட்டும் யாருக்கும் அர்த்தம் சொல்லத் தேவைப்படவில்லை.

புதன்கிழமைகளில் நோயாளிகள் எல்லாரையும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைத்துப் பயிற்சி கொடுப்பாள். அந்தப் புதன்கிழமை பாஸ்டர் திடீரென்று மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்தவருடைய தலைக்கு மேலே இடது கையைக் கொண்டுபோய் விரல்களை நெளிய விட்டார். அடுத்து இன்னொருவர் தலை. அதற்கடுத்த நாற்காலியில் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். அவருக்குப் பேச்சு குழறும், ஆனால் கோபம் குழறாது.

"யோவ், என் தலையில என்ன அடுப்பா எரியுது? டீச்சர், பாருங்க இந்த ஆளை. எனக்கு மண்டை சூடாயிருச்சுங்கறாரு!"

"அவரு அப்படிச் சொல்ல மாட்டாருண்ணே, கொஞ்சம் இருங்க."

"பின்ன எப்படிச் சொல்றாராம்?"

அந்த நேரத்தில் பாஸ்டரின் மனைவி காப்பி ஃபிளாஸ்க்குடன் உள்ளே வந்தார். கணவர் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தார். டிரைவர் தலைக்கு மேல் நெளியும் விரல்களைப் பார்த்தார். ஃபிளாஸ்க்கை அப்படியே தரையில் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"என்னங்க... பெந்தெகொஸ்தேயா?"

பாஸ்டர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு விடுவதைப் போல, "அப்புறம்" என்றார்.

"அது என்னம்மா?" என்று கேட்டாள் டீச்சர். "மருந்துப் பேரு மாதிரி இருக்கு."

"வர்ற ஞாயித்துக்கிழமை எங்களுக்குப் பெந்தெகொஸ்தே நாள், டீச்சர். ஒவ்வொரு வருஷமும் இவரு அதுக்குன்னே காத்துக்கிட்டு இருப்பாரு." அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இயேசு பரலோகத்துக்குப் போனப்புறம் அவரோட சீஷருங்க எல்லாம் ஒரு வீட்டுல ஒண்ணாக் கூடி இருந்தாங்க. என்ன செய்யறதுன்னு தெரியல. வெளிய போய்ப் பேசவும் தைரியம் இல்ல. அப்ப பெருங்காத்து அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வீட்டையே நிறைச்சுச்சு. நெருப்பு நாக்கு நாக்கா இறங்கி ஒவ்வொருத்தர் தலை மேலயும் வந்து நின்னுச்சு. அதுதான் பரிசுத்த ஆவி. தெருவுல பல தேசத்துல இருந்து வந்த கூட்டம். இவங்க வெளிய வந்து பேசப் பேச, அவங்கவங்களுக்கு அவங்க சொந்த பாஷையில கேட்டுச்சு."

காற்று, நெருப்பு, நாக்கு. டீச்சர் கையை நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

பஸ் டிரைவருக்கு இப்போது கோபம் போய் ஆர்வம் வந்திருந்தது. "அப்ப அன்னைக்கு எல்லாருக்கும் ஒரே பாஷை வந்துருச்சா?"

"அதுதான் இல்லைங்கண்ணே. இவரு வருஷா வருஷம் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்றதே இதைத்தான். எல்லாரையும் ஒரே பாஷை பேச வைக்கணும்னா கடவுளுக்கு அது ஒரு வேலையா? அவரு அப்படிச் செய்யல. யாரு பாஷையையும் பிடுங்கல. இந்தப் பாஷைக்கு வந்தாத்தான் என்னைக் கேக்கலாம்னு சொல்லல. அவருதான் ஒவ்வொருத்தர் வீட்டுப் பேச்சுக்கும் இறங்கி வந்தாரு."

பாஸ்டர் கண்ணைத் திறந்து டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக இந்த மனிதர் தன்னிடம் இருக்கிற ஒரே மொழியில் தெளிவாகப் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அவளுக்கு உறைத்தது. அவள்தான் அவரைத் தன்னுடைய டம்ளருக்கும் சீப்புக்கும் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"பாஸ்டர்," என்றாள், "நீங்க வேதத்தைச் சொல்லியிருக்கீங்க. நான் உங்களுக்குக் கஞ்சி குடுத்திருக்கேன்."

பாஸ்டருக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. நோய் வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். பஸ் டிரைவர் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

சிரிப்பு அடங்கியதும் டீச்சர் நேராகக் கேட்டாள். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகணுமா?" அவர் கையை அசைத்தார். அது மட்டும் போதாது என்று அர்த்தம். "போய்ப் பிரசங்கம் பண்ணணுமா?"

"அப்புறம்" என்றார் அவர். கண்ணில் வெளிச்சம்.

வெளிச்சம் மனைவியின் முகத்தில் இல்லை. டீச்சரைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். "வேணாம் டீச்சர். இவரு பேசுனா அழுத ஜனங்க அது. அவங்க முன்னாடி இவரு அப்புறம் அப்புறம்னு நின்னு, எவனாவது சிரிச்சுட்டான்னா என்னால தாங்க முடியாது. நீங்க சொன்னாக் கேப்பாரு. உடம்பு இன்னும் தேறலைன்னு சொல்லுங்க."

"பொய் சொல்லவா சொல்றீங்க?"

"வேற என்ன செய்யறது?"

மாலையில் உதவி பாஸ்டர் வந்தபோது அவரிடமும் விஷயம் போனது. அவர் பாஸ்டரின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, நீங்க வாங்க. முன் வரிசையில உக்காருங்க. சபை முழுக்க எழுந்து நின்னு உங்களுக்காக ஜெபிக்கும். ஜனங்களுக்கு உங்களைப் பாத்தாலே போதும்."

பாஸ்டர் கையை உருவிக்கொண்டார். "அப்புறம்" என்றார். கதவை அறைந்து சாத்துகிற மாதிரி இருந்தது அது.

"அவரை வச்சு நீங்க ஜெபம் பண்றதை அவரு வேணாங்கல சார்," என்றாள் டீச்சர். "அவரு கேக்குறது மைக்கை."

"பாட்டு வேணா பாடட்டுமே? பாட்டு வருதுன்னு அம்மா சொன்னாங்களே."

அது உண்மைதான். இரண்டு நாள் முன்பு டீச்சர் மெட்டெடுத்துக் கொடுத்தபோது, ஒரு வார்த்தை பேச முடியாத வாயிலிருந்து ஒரு ஞாயிறுப் பாட்டின் முதல் அடி முழுதாக வந்தது. பழகிய பாட்டு மூளையின் வேறு பக்கத்திலிருந்து வருவது, அதனால் தப்பித்துக்கொள்ளும் என்று அவள் விளக்கியிருந்தாள். ஆனால் பாஸ்டர் இப்போது உதட்டைப் பிதுக்கினார். பாட்டு எல்லாரும் பாடுவார்கள்.

உதவி பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு உண்மையைச் சொன்னார். "எனக்குப் பயமா இருக்கு டீச்சர். அவரு பாதியில நின்னுட்டா அத்தனை பேரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா இருங்க. நான் பக்கத்துல இருக்கேன். அவரு விழாம பாத்துக்குவேன். பேச்சை அவரு பாத்துக்குவாரு."

இதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. வீட்டில் டீச்சரின் கணவர்தான் இரவுச் சாப்பாட்டின்போது கேட்டார். "உனக்கு அவங்க சாமியே தெரியாது. எந்த நம்பிக்கையில போற?"

"அந்த ஆளை எனக்குத் தெரியும். ஒரு வாரமா எனக்கு விடாம பிரசங்கம் பண்ணியிருக்காரு, கேக்காத காதுக்கு. கேக்குற காது கிடைச்சா விட்ருவாரா?"

சபைக் கூடம் முன்பு சாமான் கிடங்காக இருந்த இடம். உயரமான தகரக் கூரை, சுவரில் வரிசையாக மின்விசிறிகள், பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்னால் ஒரு சின்ன மேடை, ஒரு மைக், ஓரத்தில் கீபோர்டு. ஞாயிறு காலையில் டீச்சர் பாஸ்டரின் மனைவியோடு முதல் வரிசையில் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்த்தபோது கடைசி வரிசையில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்கள் யாரும் அவர்களோடு பேசவில்லை.

"அவங்க யாரும்மா?"

"டைல்ஸ் ஒட்டுற வேலைக்கு வந்தவங்க. நம்ம பாஷை இல்ல. அவங்க பாஷையில இங்க சர்ச் கிடையாதுல்ல, அதான் வாராவாரம் இங்க வந்து உக்காருவாங்க. பாட்டுக்குக் கை தட்டுவாங்க, பிரசங்கத்துக்குத் தூங்குவாங்க. புரியாம என்ன செய்வாங்க பாவம்."

பாட்டும் ஜெபமும் முடிந்தன. உதவி பாஸ்டர் மைக்கில், "இன்னைக்கு நம்ம பாஸ்டர் பேசுவாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு விலகிக்கொண்டார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பாஸ்டர், மருத்துவமனையில் நடந்து பழகிய கைத்தடியை ஊன்றி, டீச்சரின் பிடியில், மேடை ஏறினார். மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அப்புறம்" என்றார்.

நடுவில் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியில் நின்றது. மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

பாஸ்டருக்கு அந்தச் சிரிப்பு கேட்ட மாதிரியே தெரியவில்லை. இடது கையால் காற்றில் ஒரு கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார். தோளைக் குறுக்கிக்கொண்டு, அந்தக் கதவையே பயந்து பயந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்து, குரலைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டார்.

"அப்புறம்?"

அவர் மறுபடியும் கதவைச் சாத்தினார். மறுபடியும் கேட்டார். கீபோர்டு வாசிப்பவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சீஷருங்க... கதவைச் சாத்திக்கிட்டு இருந்தாங்க."

பாஸ்டர் அவரை நோக்கிக் கையை நீட்டினார். அப்படி ஒரு சந்தோஷம் அந்த முகத்தில். "அப்புறம்?"

"பயந்துக்கிட்டு இருந்தாங்க!" இது பெண்கள் பக்கத்திலிருந்து.

"அப்புறம்?"

"தங்களையும் பிடிச்சுட்டுப் போயிருவாங்கன்னு!"

"என்ன செய்யறதுன்னு தெரியாம!"

பாஸ்டர் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தார். கன்னத்தை உப்பி ஊதினார். ஒலிபெருக்கிகளில் அந்த மூச்சு புயலாகக் கிளம்பித் தகரக் கூரையில் மோதியது. கூடமே திடுக்கிட்டது. அந்தத் திடுக்கிடலில் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் உரக்க ஒரு சொல்லைச் சொன்னது. யாருக்கும் தெரியாத பாஷையில் ஒரு சொல். ஆனால் அது காற்றைக் குறிக்கும் சொல் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

தலைகள் திரும்பின. டைல்ஸ்காரர்களில் மூத்தவர், நெடுநெடுவென்று வளர்ந்த ஒருவர், தான் வாய் திறந்துவிட்டதை நினைத்துக் கூச்சத்தில் சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். பாஸ்டர் அவரை நோக்கிக் கையை நீட்டினார்.

"அப்புறம்?"

அந்த மனிதர் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவனுடைய தலைக்கு மேலே விரல்களை வைத்து, நெருப்பாக நெளிய விட்டார். அவர் வாயிலிருந்து இன்னொரு சொல் வந்தது. "நெருப்பு!" என்று முன்வரிசை அதற்குப் பதில் சொன்னது.

பாஸ்டர் மேடையிலிருந்து இறங்கத் தொடங்கினார். இது யாரும் எதிர்பார்க்காதது. டீச்சர் அவர் இடுப்புப் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். வரிசை வரிசையாக நின்று, எட்டுகிற தலைகளுக்கு மேலெல்லாம் விரல்களை நெளிய விட்டார். ஒவ்வொருவரிடமும் கேட்டார். சிலர் கதையின் அடுத்த துண்டைச் சொன்னார்கள். சிலர் தங்கள் சொந்தக் கதையைச் சொன்னார்கள். கணவனோடு பேச்சு வார்த்தை இல்லை என்றாள் ஒரு பெண். சபையில் எப்போதும் வாய் திறக்காத ஒருவர், "எனக்கும் பயந்தான் பாஸ்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பாஸ்டரின் தளர்ந்த கால் இழுபட ஆரம்பித்தது. "உக்காரலாமா?" என்று டீச்சர் காதருகில் கேட்டாள். அவர் கடைசி வரிசையைக் காட்டினார். அதுவரை போயாக வேண்டும்.

நெட்டை மனிதருக்கு முன்னால் போய் நின்றபோது அவர் தானாகவே குனிந்து தலையைக் கொடுத்தார். பாஸ்டரின் கை அந்தத் தலைமேல் இறங்கியது. "அப்புறம்?" என்றார், வீட்டு மனிதரிடம் கேட்பதைப் போல.

அந்த மனிதர் நிமிர்ந்து நின்று பேசத் தொடங்கினார். தன்னுடைய பாஷையில், விடாமல், கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். நடுவில் குரல் உடைந்தது. சேர்த்துக்கொண்டு மறுபடியும் பேசினார். டீச்சர் வேலைப் பழக்கத்தில் அவர் வாயைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஒருவர்கூட அசையவில்லை. ஒரு சொல்லும் விளங்காத பேச்சை அத்தனை பேரும் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வழக்கமாகக் கடிகாரத்தைப் பார்ப்பவர்கள்கூட அந்த மனிதர் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

அவர் பேசி முடித்ததும் பாஸ்டர் அவர் தோளில் சாய்ந்து நின்றுகொண்டு, "அப்புறம்" என்றார். ஆமென் என்பதற்கு அதைவிட நல்ல சொல் அன்றைக்கு அங்கே யாரிடமும் இல்லை.

முடிவு ஜெபம் செய்ய வேண்டியவர் உதவி பாஸ்டர். மைக்குக்கு முன்னால் வந்து வாயைத் திறந்தவர், திறந்த வாயை மூடிக்கொண்டார். கடைசி வரிசைக்குப் போய் அந்த மனிதரின் கையைப் பிடித்து, முன்னால் அழைத்து வந்து, மைக்கை அவரிடம் கொடுத்தார்.

சாப்பாட்டுப் பந்தலில் பாஸ்டரும் அந்த மனிதரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். டைல்ஸ்காரர்களில் ஒருவனுக்கு இரண்டு பாஷையும் கொஞ்சம் கொஞ்சம் வரும். பாஸ்டரின் மனைவி அவனைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, உங்க அண்ணன் உள்ள அப்படி என்ன பேசுனாரு?"

"அவரும் பயந்துதான் இருந்தேன்னு சொன்னாரும்மா. இந்த ஊர்ல வாயைத் திறந்தா சிரிப்பாங்கன்னு. வேலையில மேஸ்திரி கேட்டா தலையாட்டுறது, கடையில விரலை நீட்டிக் காட்டுறது, அவ்வளவுதான். இங்க வந்ததுல இருந்து, ஒரு பிரசங்கம் முழுசாப் புரிஞ்சது இன்னைக்குத்தானாம். அதைச் சொன்னாரு."

சிரிப்பார்கள் என்ற பயம் பாஸ்டர் மனைவியின் பயமும்தான். தட்டை எடுத்துக்கொண்டுபோய் அந்த மனிதருக்குத் தன் கையாலேயே பரிமாறிவிட்டு வந்தார்.

"எனக்கு உங்க விஷயம் அதிகம் தெரியாதும்மா," என்றாள் டீச்சர். "ஆனா ஒண்ணு தோணுது. அந்த நெருப்பு அன்னைக்குப் பேசுனவங்க நாக்குல மட்டும் வந்திருக்காது. தெருவுல நின்னு கேட்டவங்க காதுலயும் வந்திருக்கணும். இல்லைன்னா எப்படிக் கேக்கும்?"

"அட! இவரு இத்தனை வருஷத்துல இதைச் சொன்னதே இல்லையே!" என்று அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "என்னங்க, கேட்டீங்களா? அடுத்த வருஷத்துக்கு எடுத்து வச்சுக்குங்க."

பாஸ்டரின் பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் வருடம் முடிவதற்குள் கை நிறையச் சொற்கள் சேர்ந்தன. முதலில் 'தண்ணி' வந்தது. பிறகு 'வா'. ஒருநாள் மனைவியிடம் கோபித்துக்கொண்டு 'போ' என்றார். "கல்யாணமான நாள்ல இருந்து அவரு என்னை அப்படிச் சொன்னதில்ல டீச்சர். கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்" என்று அவர் மருத்துவமனை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மாதம் ஒரு ஞாயிறு பாஸ்டர் பிரசங்கம் செய்தார். சபை கூடவே சொன்னது.

டீச்சர் தன்னுடைய வழியில்தான் இருந்தாள். யாரும் அவளை மாறச் சொல்லவும் இல்லை. ஆனால் அந்த மாதத்து ஞாயிறு வந்தால் அவள் போகாமல் இருந்ததில்லை. இப்போது அந்தக் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போடுகிறார்கள். பாஸ்டர் கைத்தடியோடு கடைசி வரிசை வரை நடக்க வேண்டாம் என்பதற்காக உதவி பாஸ்டர் செய்த ஏற்பாடு. வேத பாகத்தை நெட்டை மனிதரும் தன் பாஷையில் ஒருமுறை வாசிப்பார். போன தடவை டீச்சர் கொஞ்சம் பிந்திப் போனாள். வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. அவர் வாசித்தபடியே பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்துத் தரையில் வைத்தார். அவள் போய் அங்கே உட்கார்ந்து கேட்கத் தொடங்கினாள்.